எம்ஷர் ஆற்றை உதாரணம் காட்டுவோர் அதன் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

கிளிநொச்சி நகரின் கழிவுநீரை என்ன செய்வது என்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். நகரை அண்டி ஓடும் ஓடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் வளைவுகளை நிமிர்த்தி, அடியிலும் இருகரையிலும் கொங்கிறீற் இட்டு, சுண்டிக்குளம் களப்புவரை செல்லும் கழிவு வாய்க்காலாக ஆக்கிவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்குச் சான்றாக ஜேர்மனியைக் காட்டியிருந்தார். றூர் பிரதேசத்து மக்கள் தங்கள் ஆற்றை நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறே கழிவு வாய்க்காலாக்கினார்கள், அதனால் நகரங்கள் நோயின்றித் தழைத்தன, கையில் பணம் சேர்ந்ததும் அதே ஆற்றைச் சில ஆண்டுகளில் துப்புரவாக்கிக்கொண்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நகரத்தின் மீது அவருக்குள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் அழைத்துவந்த சாட்சி அவருடைய கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

முதலில் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும். கழிவு வாய்க்காலாக்கப்பட்டது றூர் ஆறு அன்று. அதற்கு வடக்கே ஓடும் எம்ஷர் என்னும் சிற்றாறு. ஜேர்மனியின் மேற்கிலுள்ள அந்தத் தொழிற் பிரதேசத்தை மூன்று ஆறுகள் கிழக்கிலிருந்து மேற்காக, ஏறத்தாழச் சமாந்தரமாகக் கடந்து, றைன் நதியில் விழுகின்றன. தெற்கே உள்ளது றூர். சவர்லாண்ட் மலைநாட்டில் விண்டர்பேர்க் என்ற ஊருக்கு அண்மையில், 670 மீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில் ஊற்றெடுத்து, 219 கிலோமீற்றர் ஓடி, டூயிஸ்பேர்க் நகரில் அது றைனை அடைகிறது. வடக்கே உள்ளது லிப்பே. றோமப் படைகள் ஜேர்மானிய நிலத்துக்குள் நுழைவதற்கு வழியாகக் கொண்ட ஆறு அது; ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத் தேருக்குப் போய்வந்த நம்மவர் பலர், பெயர் அறியாமலே அதற்குக் கிட்டிய தூரத்தில் நின்றிருப்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, டோட்முண்ட் நகருக்குத் தென்கிழக்கில் ஹோல்ஸ்விக்கேடே என்ற ஊரிலுள்ள பழைய பண்ணைவீடொன்றின் குளத்தில் ஊற்றெடுத்து, டோட்முண்ட், கெல்சென்கிர்சென், எசன், ஓபர்ஹவுசன் ஆகிய நகரங்களின் வழியாக வந்து, டின்ஸ்லாக்கன் அருகே றைனில் சேர்வதுதான் எம்ஷர்.

அதன் நீளம் இன்று 80 கிலோமீற்றர் அளவில்தான். அதன் நீரேந்து பரப்பு 865 சதுர கிலோமீற்றர். எங்கள் கனகராயன் ஆற்றின் நீரேந்து பரப்பும் ஏறத்தாழ அந்த அளவினதே என்பதால், வாசகர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது வவுனியா மாவட்டத்தில் தொடங்கி இரணைமடுக் குளத்தை நிரப்பிச் சுண்டிக்குளத்தில் முடியும் நம் ஆற்றையே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரே வேறுபாடு, அந்தச் சிறிய நிலப்பரப்பில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்பது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வன்னியில் புவியியல் கற்பித்தவன் நான். றூர் நிலக்கரி வயலை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. நிலக்கரி, இரும்புத்தாது, றைனில் கப்பற் போக்குவரத்து, புகையிரதப் பாதை என்று கைத்தொழில் ஓரிடத்தில் குவிவதற்கான காரணங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினார்கள். எம்ஷர் என்ற பெயரை ஒருநாளும் நான் அவர்களுக்குச் சொன்னதில்லை, ஏனென்றால் எங்கள் பாடப்புத்தகத்தில் அது இருக்கவில்லை. அந்தக் கைத்தொழில் முழுவதும் தன் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்ற கேள்வி எனக்கும் எழவில்லை, என் மாணவர்களுக்கும் எழவில்லை. அந்தக் குறை என் மனத்தில் இருப்பதால் இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

எம்ஷர் இயல்பாகவே சோம்பலான ஆறு. ஊற்றிலிருந்து சிறிது தூரம் இறங்கியதும் நிலம் தட்டையாகிவிடுவதால், அது வளைந்து வளைந்து, மழைக்காலத்தில் கரைமீறிப் பரந்து, கரையெங்கும் சதுப்பும் ஈரநிலக் காடும் புல்வெளியுமாகக் கிடந்தது. பழைய ஆற்றின் நீளம் 109 கிலோமீற்றர் என்று குறிப்பிடுகிறார்கள்; அந்த வளைவுகள்தான் இன்றைய நீளத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். அந்தச் சதுப்பில் காட்டுக்குதிரைகள் மந்தையாகத் திரிந்தன, ஆண்டுதோறும் அவற்றைப் பிடித்து விற்பது வழக்கமாக இருந்தது. மலேரியாக் காய்ச்சலும் இருந்தது. மலேரியாவுக்கு அஞ்சியே இரணைமடுவின் கீழ்க் குடியேற வந்தவர்கள் திரும்பி ஓடிய கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஐரோப்பாவின் நடுவிலும் அப்படியொரு நிலம் இருந்தது என்பது நெருக்கமான செய்தியாகவே படுகிறது.

நிலக்கரிப் படைகள் றூர் ஆற்றங்கரையில் நிலத்தின் மேற்பரப்புக்கு வந்து, வடக்கு நோக்கிப் போகப்போக ஆழத்தில் அமிழ்ந்து கிடக்கின்றன. ஆகையால் சுரங்கத் தொழிலும் தெற்கே தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆழமான குழி இறக்கும் தொழில்நுட்பம் கைவந்ததும், வடக்கே எம்ஷர் சமவெளிக்கு நகர்ந்தது. 1847 இல் கோல்ன் நகரையும் மிண்டன் நகரையும் இணைக்கும் புகையிரதப் பாதை அந்தச் சமவெளியினூடாகத் திறக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டில், நூற்றுக்கணக்கில் மக்கள் வாழ்ந்த கிராமங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டிய நகரங்களாயின. அந்த மக்களின் மலமும், சுரங்கங்களிலிருந்து பம்பி வெளியேற்றிய உப்புநீரும், உருக்காலைகளின் கழிவும் சேர்வதற்கு அந்தச் சோம்பலான ஆறு ஒன்றே வழியாக இருந்தது.

அதைவிடப் பெரிய கேடு நிலத்தின் அடியில் நடந்துகொண்டிருந்தது. நிலக்கரியைத் தோண்டி எடுத்த வெற்றிடத்தின்மேல் நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. முன்னே சரிவாக ஓடிய ஓடை நின்றுபோயிற்று. சில இடங்களில் பின்னோக்கியும் தேங்கிற்று. வீட்டு வாசலில், வீதியில், வயலில் கழிவுநீர் மாதக்கணக்கில் நின்றது. நெருப்புக்காய்ச்சல் என்று நாங்கள் சொல்லும் தைபோயிட்டும் கொலராவும் மீண்டும் மீண்டும் வந்தன.

1901 இல் கெல்சென்கிர்சென் பகுதியில் பரவிய தைபோயிட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏறத்தாழ 350 பேர் இறந்தார்கள். பெர்லினிலிருந்து றொபேர்ட் கொக் என்ற புகழ்பெற்ற நுண்ணுயிரியலாளரே நேரில் வந்து ஆராய்ந்தார். குழாயில் அழுத்தம் குறையும்போதெல்லாம் வடிகட்டாத றூர் ஆற்று நீரை நேரடியாகக் கலந்துவிட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பொறுப்பானவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். இந்த நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடிநீர் வந்தது றூர் ஆற்றிலிருந்து. குடித்தவர்கள் எம்ஷர் சமவெளியில் இருந்தவர்கள். குடித்து முடித்த நீர் திரும்பவும் றூருக்குப் போகாமல் எம்ஷரில் வடிந்தது. ஓர் ஆறு இறைத்து இறைத்து வற்ற, மற்ற ஆறு கழிவேந்திப் பெருகியது. அப்படித்தான் மூன்று ஆறுகளுக்கும் தொழில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. றூர் குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு, லிப்பே கைத்தொழிலுக்கும் கப்பற் கால்வாய்களுக்கும் என்று ஆயிற்று.

றூரில் நீர் குறைந்ததைக் கண்ட கீழ்நிலத்தார், 1899 இல் நீர்த்தேக்கச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஆற்றிலிருந்து நீர் எடுத்து வெளியே விற்பவர்கள் எடுக்கும் அளவுக்கேற்பப் பணம் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தில் மேலே மலைப்பகுதியில் அணைகள் கட்டி, மாரி நீரைச் சேமித்து, கோடையில் ஆற்றுக்குத் திருப்பி விட வேண்டும் என்பதே ஏற்பாடு. 1913 இல் கட்டி முடிக்கப்பட்ட மோனே நீர்த்தேக்கம் அவற்றுள் பெயர்பெற்றது. அதன் கொள்ளளவு 134 மில்லியன் கன மீற்றர். ஏறத்தாழ எங்கள் இரணைமடுவின் அளவு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்வது பற்றி எங்களிடையே எழுந்த வாதங்களின்போது, எடுப்பவர் கொடுப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற இந்தப் பழைய ஏற்பாட்டை ஒருவரும் எடுத்துப் பேசாதது எனக்கு வருத்தமே. 1943 மே 16 ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் குண்டு வீசி மோனே அணையை உடைத்தன. வெள்ளம் றூர்ப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெருந்தொகையானோர் சோவியத் நாட்டிலிருந்து கட்டாய வேலைக்காகப் பிடித்துக்கொண்டு வரப்பட்டு, அணைக்குக் கீழே முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள். குளக்கட்டின் கீழே குடியிருக்கும் எவரும் அதைப் படித்துவிட்டு எளிதில் கடந்து போக முடியாது.

எம்ஷருக்கு வருகிறேன். அதே 1899 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆம் திகதி, எம்ஷர் நீரேந்து பரப்பிலுள்ள நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் போஹும் நகரில் கூடி எம்ஷர் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கின. 1904 இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நகரசபையின் எல்லையோ மாவட்டத்தின் எல்லையோ கருதாமல், ஒரு ஆற்றின் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறதோ அந்த முழு நிலத்துக்கும் ஒரே அமைப்பு பொறுப்பு என்று வைத்தது, உலகம் பின்னர் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று. இதுவரை கட்டுரையாளரும் நானும் உடன்படுவோம்.

ஆனால் அந்தச் சங்கத்தில் அவரவர் செலுத்தும் பங்களிப்புக்கு ஏற்பவே வாக்குகள் இருந்தன. கூடுதலாக அழுக்காக்கியவர் கூடுதலாகப் பணம் கட்டினார். கூடுதலாகப் பணம் கட்டியவருக்குக் கூடுதலான வாக்கும் கிடைத்தது. கரையோரத்துப் புல்வெளியில் மாடு மேய்த்தவனுக்கும் ஆற்றில் மீன் பிடித்தவனுக்கும் அங்கே குரல் இருக்கவில்லை. நிலம் தாழ்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் நிலத்தடிக் குழாய் புதைத்தால் அது முறிந்துபோகும் என்ற பொறியியற் காரணம் உண்மையானதே. ஆகையால் திறந்த வாய்க்காலே வழி என்றார்கள். அந்தக் காரணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், நிலம் ஏன் தாழ்கிறது என்று கேட்க வேண்டியவர்களும், தாழ்வதற்குக் காரணமான சுரங்கங்களும் ஒரே வரிசையில் அமர்ந்து வாக்களித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

வேலை தொடங்கியது. ஆறு நிமிர்த்தப்பட்டது, ஆழமாக்கப்பட்டது, கொங்கிறீற் பலகைகளால் அடியும் கரையும் மூடப்பட்டன, கிளை ஓடைகள் எல்லாவற்றுக்கும் அதுவே நடந்தது. நிலம் மேலும் தாழ்ந்தபோது கரைகள் உயர்த்தப்பட்டு, சுற்றிலுமுள்ள வீட்டுக் கூரைகளுக்கு மேலாக ஆறு ஓடும் நிலைமையும் சில இடங்களில் வந்தது. றைனில் விழுவதற்குச் சரிவு போதாமையால் 1910 இல் முகத்துவாரத்தை வடக்கே நகர்த்தினார்கள், அதுவும் தாழ்ந்தது, 1949 இல் இன்னும் வடக்கே, டின்ஸ்லாக்கனுக்கு நகர்த்தினார்கள். ஒரு ஆற்றுக்கு ஐம்பது ஆண்டுக்குள் மூன்று வாய்கள். நகரங்களின் கழிவிலுள்ள திண்மத்தைப் படியவைத்துப் பிரிப்பதற்குக் கார்ல் இம்ஹோவ் என்ற பொறியியலாளர் அங்கேதான் ஈரடுக்குத் தொட்டியை வடிவமைத்தார். உலகமெங்கும் இம்ஹோவ் தொட்டி என்று அறியப்படும் அதனை ஜேர்மனியர் எம்ஷர் கிணறு என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது படிவைப் பிரித்ததேயொழிய நீரைத் தூய்மையாக்கவில்லை. 1970 களில் முகத்துவாரத்தில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைக் கட்டி, ஆறு முழுவதையும் அதற்குள் செலுத்திச் சுத்தம் செய்து, பிறகே றைனில் விட்டார்கள். மேலே 70 கிலோமீற்றருக்கு மேல், வீட்டுப் பின்புறங்களை ஒட்டி, அது திறந்த மலவாய்க்காலாகவே ஓடியது. அப்பகுதி மக்களின் பேச்சு வழக்கில் அந்த வாய்க்கால்களுக்கு வழங்கிய பெயரும் அதே பொருளைத் தருவதுதான்.

2019 ஆம் ஆண்டு கோடையில் டோட்முண்டில் வசிக்கும் மகளிடம் சென்றிருந்தபோது இந்த ஆற்றின் இரண்டு முகங்களையும் ஒரே நாளில் கண்டேன். காலையில் ஹோர்டே என்ற இடத்துக்குப் பேரனுடன் போனேன். நூற்றாண்டுக்கு மேல் உருக்காலை நின்ற நிலம் அது. ஆலை மூடப்பட்ட பிறகு அதன் பகுதிகள் கழற்றப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. நிலத்தைத் தோண்டி, 2010 இல் நீர் நிரப்பத் தொடங்கி, 24 ஹெக்டேயரில் ஓர் ஏரியை அமைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில், ஆலைக்கு அடியில் குழாய்க்குள் கிடந்த எம்ஷரை வெளியே எடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். புல்லும் நாணலும் படர்ந்த, முழங்காலளவு நீர்கொண்ட ஓடை. பேரன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

மாலையில் மருமகன் கெல்சென்கிர்சென் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே அதே ஆறு வேலிக்கு அப்பால், சாம்பல் நிறத்தில், அம்பு விட்டது போன்ற நேர்கோட்டில் விரைந்து ஓடியது. உயிராபத்து என்று எழுதிய பலகை வேலியில் தொங்கியது. செங்குத்தான வழுக்குக் கரையில் விழுந்தவர் ஏறிவர முடியாது என்பதே காரணம். எண்பதுகளின் நடுவில் ஊரிலிருந்து போய் அங்கே குடியேறிய முதியவர் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். “நாங்கள் வந்து இறங்கின காலத்திலை இதை ஆறு எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை, மாஸ்ரர். கோடையிலை யன்னல் திறக்கேலாது. பிள்ளையளுக்கு முதன்முதல் சொல்லிக் குடுத்த டொச்சே, அந்தப் பக்கம் போகாதேங்கோ எண்டதுதான்” என்றார். எங்கள் பிள்ளைகளும் அந்த வேலிக்கு இப்பால்தான் வளர்ந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில ஆண்டுகளில் துப்புரவாக்கிக்கொண்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதிய வாக்கியத்தைத்தான் நான் மிகவும் மறுக்கிறேன். சுரங்கத் தொழில் எம்ஷர் பகுதியை விட்டு மேலும் வடக்கே நகர்ந்து, நிலம் தாழ்வது நின்ற பின்னரே நிலத்தடிக் குழாய் போட முடியும் என்ற நிலை வந்தது. 1992 இல் வேலை தொடங்கிற்று. டோட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றர் நீளமான, சில இடங்களில் 40 மீற்றர் ஆழம்வரை இறங்கும் பெரும் கழிவுக் குழாயை நிலத்துக்கடியில் இட்டார்கள். கிளை ஓடைகளுக்கு இணையாகவும் குழாய்கள் இட்டு, மொத்தம் 400 கிலோமீற்றருக்கு மேல் குழாய் புதைத்தார்கள், புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், கொங்கிறீற்றைப் பெயர்த்தெடுக்கத் தொடங்கினார்கள். எம்ஷர் முற்றாகக் கழிவுநீர் இல்லாத ஆறானது 2021 இன் இறுதியில். முப்பது ஆண்டுகள், ஏறத்தாழ 5.5 பில்லியன் யூரோ. அடுத்த ஆண்டு, முன்னர் ஏறத்தாழ ஆறு மீற்றர் உயரத்திலிருந்து றைனுக்குள் விழுந்துகொண்டிருந்த முகத்துவாரத்தை மாற்றி, மீன் ஏறிவரக்கூடிய பரந்த வெள்ளச் சமவெளியாக அமைத்தார்கள். உலகின் செல்வம் மிக்க நாடுகளில் ஒன்றுக்கு, ஆற்றைக் கழிவு வாய்க்காலாக்கியதிலிருந்து அதில் கழிவு விடுவதை நிறுத்துவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அவ்வளவு செய்தும் பழைய எம்ஷர் திரும்பவில்லை. வளைவுகள் போனது போனதே; கரையோரம் முழுவதும் நகரம். சில இடங்களில் 20 மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிட்ட நிலத்தை யாரும் உயர்த்த முடியாது. அந்த நீரேந்து பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நிலம், இரவு பகலாகப் பம்பிகள் இயங்காவிட்டால் நீரில் மூழ்கிவிடும். கைவிடப்பட்ட சுரங்கங்களிலுள்ள உப்புநீர் குடிநீருடன் கலக்காதிருக்க அதனையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றுக்கு ஜேர்மனியர் வைத்திருக்கும் பெயர் நித்தியச் சுமைகள் என்பது. நிலக்கரி நிறுவனத்தின் சொத்திலிருந்து உருவாக்கப்பட்ட ஒரு நிதியம், ஆண்டுக்கு 200 மில்லியன் யூரோவுக்கு மேல் அதற்காகச் செலவிடுகிறது; அந்தச் செலவுக்கு முடிவு ஆண்டு என்று ஒன்று இல்லை.

ஜேர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம், எம்ஷர் கரையிலுள்ள பொட்ரொப் நகரில், 2018 டிசெம்பர் 21 ஆம் திகதி மூடப்பட்டது. அந்தத் திகதியை எங்களால் மறக்க முடியாது. அன்றிரவுதான் இரணைமடு நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் வீட்டுக்குள் நெஞ்சளவு நீர் நின்றதைக் கண்டவன் நான். அந்த வெள்ளம் வடிந்தோடிய பாதைகளில் ஒன்றைத்தான் இப்போது கழிவு வாய்க்காலாக்க வேண்டும் என்கிறார்கள். கழிவும் வெள்ளமும் ஒரே வாய்க்காலில் ஓடினால், அடுத்த பெருமழையில் எங்கள் கிணறுகளுக்குள் என்ன புகும் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எம்ஷரின் கழிவை வாங்கிக்கொள்ள றைன் இருந்தது. செக்கனுக்குச் சராசரியாக 2000 கன மீற்றருக்கு மேல் நீர் கொண்டு வரும் பெருநதி அது. வந்த அழுக்கைக் கரைத்து, கீழேயுள்ள ஒல்லாந்தரின் தலையில் கட்டி, வட கடலுக்குக் கொண்டுபோயிற்று. அதையும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு றைன் இல்லை. எங்கள் ஓடைகள் முடிவது சுண்டிக்குளம் களப்பில். கோடை மாதங்களில் கடல்வாயை மணல்மேடு அடைத்துவிட, உள்ளே வந்த நீர் வெயிலில் வற்றிச் சுருங்குமேயன்றி வெளியேறாது. அங்கே இறால் வடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் கடல்கடந்து வரும் பறவைகள் இருக்கின்றன. நகரத்தின் கழிவு முழுவதும் அந்தத் தேக்கத்தில் போய் நிற்குமாயின், எம்ஷர்காரர் நூறு ஆண்டுகளில் பட்டதை நாங்கள் பத்து ஆண்டுகளில் பட்டுவிடுவோம்.

திறந்த வாய்க்காலைத் தேர்வதற்கு அவர்களுக்கு இருந்த காரணமும் எங்களுக்கு இல்லை. எங்கள் நிலத்தின் கீழ் எவரும் சுரங்கம் தோண்டவில்லை. புதைத்த குழாய் முறியப்போவதில்லை. மலிவு என்ற ஒரு காரணமே மிஞ்சுகிறது. அந்த மலிவின் உண்மையான விலை என்னவென்று மேலே எழுதியிருக்கிறேன்.

எம்ஷரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் சங்கத்தையே. ஒரு ஆற்றின் தலை முதல் வால் வரை உள்ள எல்லோரும் ஒரே இடத்தில் கூடி முடிவெடுப்பது எங்களுக்குப் புதிது அன்று. சிறுபோகத்துக்கு முன்னர் குளத்திலுள்ள நீரை அளந்து, எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எந்தப் பங்கு, எந்தத் திகதியில் துருசு திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேசித் தீர்க்கிறோம். அங்கே வாய்க்காலின் வாலில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனும் எழுந்து நின்று பேசுகிறான். போஹும் நகரில் கூடியவர்களிடம் இல்லாத ஒன்று அது. இன்று அந்தக் கூட்டத்தில் கமக்காரர் மட்டுமே இருக்கிறோம். நகரத்தின் கடைக்காரர், விடுதிக்காரர், அரிசி ஆலைக்காரர், வைத்தியசாலை நிர்வாகம், களப்பின் மீனவர், ஆற்றில் மணல் அகழ்பவர் என்று அந்த நீரைத் தொடும் எவரும் அங்கே இல்லை. அவர்களையும் சேர்த்த ஓர் அமைப்பு கனகராயன் ஆற்றுக்கு வேண்டும். கழிவை உண்டாக்குபவர் அதன் அளவுக்கேற்பப் பணம் கட்ட வேண்டும். ஆனால் கட்டிய பணத்துக்கேற்ப வாக்கு என்ற விதியை மட்டும் நாங்கள் எடுக்கக் கூடாது.

நகரத்தின் கழிவுநீர் பற்றி முடிவெடுப்பதற்கு உரிய அதிகாரிகள் கூட்டமொன்றை விரைவில் கூட்டவிருப்பதாக அறிகிறேன். அதற்கு முரசுமோட்டை, கண்டாவளைக் கமக்காரர் அமைப்புகளையும் சுண்டிக்குளம் மீனவர் சங்கங்களையும் அழைக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் நகரத்து மண்டபத்தில் நடக்காமல், கோடை முடிவதற்குள், அந்த ஓடை களப்பில் விழும் இடத்தில் நடந்தால் நல்லது. நீர் எங்கே நிற்கிறது என்பதை எல்லோரும் கண்ணால் காணலாம். கட்டுரையாளரும் அங்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். மூன்று ஆறுகளையும் சரியான பெயர்களுடன் குறித்த றூர் வரைபடமொன்றை நான் வரைந்து கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
வட்டக்கச்சி.